ஓட்டக்காரனுக்குப் புது வால்

அருங்காட்சியகத்தில் அவளை எல்லாரும் பிளாஸ்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லில் பதிந்த எலும்பைப் பார்த்து, செத்துப் பல கோடி வருஷமான மீனுக்கு உடம்பு செய்து கொடுப்பவள். அவளுடைய முதல் மீன் பதினெட்டு வருஷமாகக் கூடத்தின் உச்சியில் தொங்கியது. கல்லில் பின்பாதி உடைந்து போயிருந்ததால், சந்தையில் வாங்கிய, வேகமாய்ப் பாயும் சூரை மீனின் அரிவாள் வாலை அச்செடுத்து ஒட்டியிருந்தாள். சின்ன வயசு, மீன் என்றால் பறக்க வேண்டும் அவளுக்கு!

"உன் ஓட்டக்காரன் பதினெட்டு வருஷமா ஓடுறான், இன்னும் ஊர் போய்ச் சேரலயே" என்று அவள் வீட்டுக்காரர் சீண்டாத நாளில்லை.

போன மாதம் அதே ஜாதி மீன் முழுசாகப் பதிந்த கல் ஒன்று வந்தது. வால் அகலமாக, விசிறி போல. முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வாலை ஒட்டிப் பின்னால். பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. இது துரத்துகிற மீனே இல்லை. நீர்ச்செடிக்குள் அசையாமல் கிடந்து, பக்கத்தில் வந்ததை ஒரே பாய்ச்சலில் விழுங்குகிற ஜாதி.

"கழட்டிக் கிடங்குல போட்டுடலாம். வெளிய கேட்டா, புதுசு வருதுன்னு சொல்லிக்கலாம்" என்றார் மேலதிகாரி.

வந்ததே கோபம் அவளுக்கு! "தப்புப் பண்ணது நான், சார். திருத்துறதும் நான்தான். ஒரு வாரம் குடுங்க."

"சரி. பாக்க நல்லா இல்லன்னா கிடங்குதான்."

தன் கையால் ஒட்டிய வாலில் ரம்பத்தை வைத்தபோது அழுகை வந்தது. அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு அறுத்தாள்.

புது வாலோடு மறுபடி உச்சியில் கட்டிப் பார்த்தால் சகிக்கவில்லை. பதுங்குகிறவனுக்கு ஆகாயத்தில் என்ன வேலை? இறக்கினாள். கூடம் திரும்பும் மூலையில், துணியில் செய்த செடிகளுக்கு நடுவே, முழங்கால் உயரத்தில், வருகிறவர்களைப் பார்த்தபடி வைத்தாள்.

கெடு முடிகிற அன்று மேலதிகாரி வந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். "எங்க இருக்குன்னே தெரியலயேம்மா!"

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் சாப்பாட்டுப் பையோடு வந்தார். "எங்கடி நம்ம ஓட்டக்காரன்?" என்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே மூலை திரும்பினார்.

"ஐயோ!"

துள்ளிப் பின்வாங்கியதில் ஒற்றைச் செருப்பு மீனின் வாய்க்கு முன்னால் கிடந்தது. மேலதிகாரி சிரித்த சிரிப்பில் கண்ணாடியே நழுவியது. "இங்கயே இருக்கட்டும்மா, இங்கயே இருக்கட்டும்" என்றார்.

பிளாஸ்டர் அக்கா குனிந்து செருப்பை எடுத்து வீட்டுக்காரரிடம் நீட்டினாள்.

"ஊர் வந்து சேந்துட்டான் உங்க ஓட்டக்காரன்."