சராசரியில் மட்டும் சரியான ஷாஃப்ட்

படித்த திமிர் எவ்வளவு மட்டமானது என்பதை மல்லாபூர் தொழிற்சாலை ஒன்றில் தெரிந்துகொண்டேன். திமிர் என்னுடையதுதான். அங்கே தரப்பிரிவுக்கு நான் அதிகாரி. பத்து மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்ட் தண்டுகள் ஒரு பெட்டி தயார். லாரி வாசலில் நின்றது. அவற்றை அளந்த ஸ்டெல்லா, செகந்திராபாத் தமிழர், கையெழுத்துப் போட மறுத்தார்.

"நக்கோ சார், வேண்டாம், இந்த லாட் போகக்கூடாது."

"சராசரி கரெக்டா பத்து வருது. கணக்குத் தெரியாதவங்களை யாரு இங்க வெச்சது?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். தர அறிக்கையில் இருந்த மிகக் குறைந்த அளவு, மிக அதிக அளவு என்ற இரண்டு கட்டங்களையும், அதன் அழகைக் கெடுப்பதாக நினைத்து நானே நீக்கியிருந்தேன்.

அவர் பெட்டியையும், ஷாஃப்ட் நுழைய வேண்டிய ஒரு பேரிங் வளையத்தையும் என் முன்னால் வைத்தார். "அந்தப் பத்தை எடுத்து மாட்டுங்க சார்."

முதல் ஷாஃப்ட் நுழையவே இல்லை. அடுத்தது லொடலொடவென்று ஆடியது. பாதி தடிமன், பாதி ஒல்லி. கூட்டி வகுத்தால் பத்து. அந்தப் பத்து என் தாளில் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் இரண்டு கட்டங்களையும் சத்தமில்லாமல் திரும்பச் சேர்த்தேன். கத்தியது எல்லோர் முன்னாலும். மன்னிப்புக் கேட்க மட்டும், அவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்றுவரை.