டேங்கில் ஒரு நீலக் கோடு

வண்டி சாய்ந்ததற்கும் நான் எழுந்ததற்கும் நடுவில் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. சிதம்பரத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஆலப்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் சர்வீஸ் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பி வைத்திருந்தார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்து மணியைப் பிரித்துக் கொடுத்துவிடும். பங்குனி மாதத்தில் எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிற காரியம்தான். லாரிக்கும் காருக்கும் அதனால் ஒன்றுமில்லை. இரண்டு சக்கரத்தில் வருகிறவள் பிரேக்கைத் தொடக்கூடாது. தினமும் போய்வருகிறவள், எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் தொட்டேன்.

செடி கலையாமல் இருக்க ஓரத்தில் கல் அடுக்கியிருந்தார்கள். அதில் ஒரு கல்லில் பெட்ரோல் டேங்க் போய் இடித்தது. உளுந்துக்காரம்மா ஓடிவந்து வண்டியைத் தூக்கிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, சிந்திய மணிகளைக் கூட்ட ஆரம்பித்தார். எனக்கு முழங்காலில் தோல் வழண்டிருந்தது, அவ்வளவுதான். வண்டிக்கு இடப்பக்கம் இண்டிகேட்டர் தொங்கியது, ஹெட்லைட்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் விரிந்திருந்தது. டேங்கின் இடப்பக்கம் எலுமிச்சம்பழம் உட்காரும் அளவுக்கு ஒரு குழி, அதிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். கறுப்புப் பெயின்ட் போய் உள்ளே தகரம் பளபளத்தது. கிக்கரை உதைத்தேன், ஸ்டார்ட் ஆனது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஏன் என்று சொல்கிறேன். அது என் கணவரின் வண்டி. அவர் மஸ்கட்டில் வெல்டராக இருக்கிறார். நான் சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காகக் காலை ஆறரைக்கெல்லாம் திறந்தாக வேண்டும். கடலூர் துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கிற எங்கள் மீனவர் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் ஏழேகாலுக்குத்தான் போய்ச் சேர முடியும். அதனால் போன விடுப்பில் அவரே எனக்கு கியர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கிளம்புகிற அன்று எல்லார் எதிரிலும் சாவியை என் கையில் வைத்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு கீறல் விழுந்தாலும் சாவிய அம்மாகிட்ட குடுத்துடணும். அப்புறம் பஸ்ஸுதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பக்கத்தில் நின்ற என் மாமியார் சிரிக்கவில்லை. மருமகள் கியர் வண்டியில் விடிவதற்கு முன் புறப்பட்டுப் போவது அத்தைக்குத் துளியும் பிடிக்காது. அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் நான் வண்டியை நிறுத்தியதும், பிரகாரம் சுற்றுவதுபோல் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். சாவி போனால் வேலை போகும். வேலை போனால் மறுபடி நாள் முழுக்க வீடு, கருவாடு, கேட்டால் மட்டும் பதில். எனக்கு அந்தச் சாவி வேண்டும். கணவர் விடுப்பில் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது.

எங்கள் ஊருக்குத் திரும்புகிற குடிகாடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வண்டியைக் கொண்டுபோகவில்லை. கரையோரம் என் கொழுந்தன் ஒரு கொட்டகை போட்டு ஃபைபர் படகுகளை ரிப்பேர் செய்கிறான். நேராக அங்கே போனேன். வீட்டுக்கு நடந்து போய், முழங்கால் வலியை முகத்தில் காட்டாமல், அத்தையிடம் சொன்னேன்: "வண்டி சர்வீஸுக்கு விட்டிருக்கேன், அத்தை. நாலஞ்சு நாளாவும்." பொய் இவ்வளவு வழவழப்பாக என் வாயில் வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

மறுநாள் பஸ்ஸில் போனேன். ஏழரை ஆகிவிட்டது. வாசலில் சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்த பெரியவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி கடிகாரத்தை மட்டும் பார்த்தார். அது திட்டுவதைவிட மோசம்.

திரும்பி வரும்போது கொட்டகைக்குப் போனேன். கொழுந்தன் ஹெட்லைட் பிளாஸ்டிக்கின் விரிசலைப் படகுக்குப் போடுகிற அதே பசையை வைத்து உள்பக்கமாக ஒட்டியிருந்தான். இண்டிகேட்டரும் நிமிர்ந்திருந்தது. "ஓடறதுக்கு ஒண்ணும் ஆவல அண்ணி. எல்லாம் வெளியில தெரியறதுதான். டேங்க்தான் என்னா பண்றதுன்னு நீங்க சொல்லணும்" என்றான்.

என்னென்ன செய்யலாம் என்று கேட்டேன். டேங்கைக் கழற்றிக் கடலூரில் பெயின்டரிடம் கொடுத்தால், குழியில் பட்டி வைத்து நிரப்பி, தேய்த்து, மொத்தமாகப் பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுவார். புதுசு மாதிரி ஆகிவிடும், ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாது. அது வேண்டாமென்றால் மேலே பெரிய ஸ்டிக்கர் ஒன்று ஒட்டலாம், வேலோ சிங்கமோ. ஸ்டிக்கரைப் பார்த்த உடனே அத்தை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். அப்படியே விட்டுவிட்டால் என்ன என்றேன்.

"நம்ம ஊரு காத்துல அப்படியே உடமுடியாது. சித்திரைக்குள்ள துரு ஓட்ட போட்டுடும்."

ஆக, ஒன்றும் செய்யாமல் இருப்பது என்ற வழியே கிடையாது. மறைக்க வேண்டும், இல்லை தெரிகிற மாதிரி மூட வேண்டும். பெயின்டரிடமே கொடுத்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன்.

கொழுந்தன் அதற்குள் டேங்கைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தான். அவன் தொழில் அப்படி. படகில் எங்கே உள்ளுக்குள் உரிந்திருக்கிறது என்று விரல் முட்டியால் தட்டித் தட்டித்தான் கண்டுபிடிப்பான். குழியைச் சுற்றித் தட்டினான். நல்ல தகரத்தின் சத்தம் எப்படி இருக்கும் என்று ஒத்துப் பார்க்க, அடிபடாத வலப்பக்கத்தைத் தட்டினான். டங், டங் என்று வந்த சத்தம் ஓர் இடத்தில் 'டொக்' என்று அடங்கியது. மறுபடி தட்டினான். மறுபடி டொக். உள்ளங்கை அகலத்துக்கு அதே சத்தம்.

"அண்ணி, இங்க ஏற்கனவே பட்டி வச்சிருக்கு."

"அப்டின்னா?"

"இந்தப் பக்கம் ஒரு தடவ அடிபட்டு, பெயின்ட் அடிச்சிருக்கு. நல்ல வேலக்காரன். கண்ணுக்குத் தெரியல."

ஷோரூமிலிருந்து என் கணவர் புதிதாக எடுத்த வண்டி அது. நான் ஓட்டக் கற்றுக்கொள்ளும்வரை அவரைத் தவிர யாரும் அதைத் தொட்டதில்லை. கொழுந்தன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்கிட்டகூட அண்ணன் சொல்லல. நான் கண்டுபுடிச்சன்னு சொல்லிடாதீங்க" என்று கெஞ்சினான்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். மாட்டிக்கிட்டியா என்று மனசுக்குள் ஒரு ஆட்டம். அடுத்த கணமே கோபம். ஒரு கீறல் விழுந்தாலும் சாவியைக் கொடு என்று ஊரைக் கூட்டிச் சொன்ன மனுஷன், தன் குழியைப் பட்டி வைத்துப் பூசிவிட்டு அல்லவா சொல்லியிருக்கிறார். அன்று சாயந்திரமே வீடியோ காலில் பிடித்து உலுக்கிவிடலாம் என்று வீட்டுக்கு நடந்தேன். நடக்க நடக்க ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

அவர் மஸ்கட் போவதற்கு முன், இங்கே பட்டறையில் வேலை பார்த்தபோது, நான் மகளை வயிற்றில் சுமந்துகொண்டிருந்த ஏழாம் மாதம். ஒருநாள் வலது முழங்கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். பட்டறையில் கிரைண்டிங் கல் தெறித்துவிட்டது என்றார். நான்தான் காயத்தைக் கழுவினேன். சின்ன இடுக்கியால் நாலைந்து கல் துகளை எடுத்தது நன்றாக நினைவிருக்கிறது. கிரைண்டிங் கல் என்று நம்பினேன். அந்த வாரம் வண்டி வீட்டில் இல்லை. எங்கே என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அந்த வழியிலேயே என்னை நிறுத்திவிட்டது. "சர்வீஸுக்கு விட்டிருக்கேன்."

முந்தின நாள் நான் அத்தையிடம் சொன்ன அதே பதில்.

வெறும் முழங்கையோடு போயிற்று. தலையில் பட்டிருந்தால்? நாலு வருஷம் கழித்து, கரையோர மணலில் நின்றுகொண்டு, அன்றைக்குப் படவேண்டிய பயத்தை நான் தனியாகப் பட்டேன். அவர் ஏன் மறைத்தார் என்பதும் கூடவே புரிந்துபோனது, அதுதான் கோபத்தைக் கெடுத்தது. எங்கள் பரிசோதனை நிலையத்துக்கு மாதாமாதம் ஒருவர் வருவார். "ரிப்போர்ட்ட வீட்டு நம்பருக்கு அனுப்பிடாதம்மா, அவ பயந்துடுவா" என்பார். வெளியே நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. உள்ளே சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு தடவையும் அவர்மேல் எனக்கு எரிச்சல்தான் வரும். வீட்டிலிருப்பவளுக்குப் பயப்படும் உரிமைகூடக் கிடையாதா என்று நினைப்பேன். இப்போது நான் மட்டும் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? முழங்கால் காயத்தைச் சுடிதாருக்குள் மறைத்துக்கொண்டு, என் வீட்டு டேங்கில் இரண்டாவது தடவையாகப் பட்டி வைக்கப் புறப்பட்டிருக்கிறேன்.

வீடியோ காலில் அன்றைக்கு மகள் பேசினாள், அத்தை பேசினார், நான் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் கொட்டகைக்குப் போய், "பட்டி வேணாம். துரு புடிக்காம மூடிடு, போதும்" என்றேன். கொழுந்தன் தலையைச் சொறிந்தான். கறுப்புப் பெயின்ட் இல்லை, கடலூர் போய் வாங்கி வருகிறேன் என்றான். அங்கே திறந்திருந்த டப்பாவைக் காட்டி, இருப்பதை அடி என்றேன். படகுக்கு அடிக்கிற நீலம். அடியில் துருவுக்கான பூச்சு கொடுத்து, கீறலின் மேலும் குழியின் மேலும் நீலத்தைப் பூசினான். கறுப்பு டேங்கில் அது அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை என்பது உண்மை.

அன்று சாயந்திரம் வண்டியை வாசலில் நிறுத்தினேன். அத்தை சுற்ற ஆரம்பிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். "ஆலப்பாக்கத்துக்கிட்ட உளுந்துல வழுக்கிட்டேன், அத்தை. சர்வீஸுன்னு சொன்னது பொய்யி." முழங்காலையும் காட்டினேன். அத்தை காயத்தைப் பார்த்தார், நீலத்தைப் பார்த்தார், கையை நீட்டினார்.

"சாவி."

"கண்டிஷன் போட்டவரு வந்து கேக்கட்டும் அத்தை. அவுருகிட்டயே குடுத்துடறேன்."

அத்தை வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். ஆனால் கையை இறக்கிவிட்டு உள்ளே போய் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துக்கொண்டு வந்தார். அடுத்த மூன்று வாரமும் வழக்கம்போல் விடிவதற்கு முன் கிளம்பி ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒவ்வொரு நாளும் இதுதான் கடைசித் தடவையோ என்று பட்டுக்கொண்டே இருந்தது. பெட்ரோல் போடும்போதுகூட அரை டேங்குக்குமேல் போடவில்லை.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் வந்து இறங்கினார். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் வண்டியிடம் போனார். நீலத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அத்தை காத்திருந்தவர்போலச் சொன்னார்: "உன் பொண்டாட்டி வேல. நீ சொன்னத நீயே செய்யி. சாவிய வாங்கு."

அவர் சங்கடமாகச் சிரித்தார். "கீறல்னு சொன்னேன், நீ குழியே வெட்டிட்ட. குடு பாக்கலாம்" என்று கையை நீட்டினார். விளையாட்டா நிஜமா என்று அப்போதும் எனக்குப் பிடிபடவில்லை. மூன்று வாரமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வசனம் அத்தனையும் மறந்துபோனது. சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியின் மறுபக்கம் போனேன். விரல் முட்டியால் டேங்கைத் தட்டினேன். டங். கொஞ்சம் தள்ளித் தட்டினேன். டொக்.

வாசலில் நின்றிருந்த கொழுந்தன் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவர் நீட்டிய கை அப்படியே நின்றது. அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை என்று அவருக்குத் தெரியும். நான் மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அவர் நினைத்திருந்தால் அந்த இடத்தில் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். மகளைக் கீழே இறக்கிவிட்டார்.

"அம்மா, அது நான் விழுந்தது. இவ மாசமா இருந்தப்போ. சிதம்பரம் ரோட்டுலதான், நாய் குறுக்க வந்துச்சு" என்றவர், பிறகு என்னைப் பார்த்து, "பயந்துடுவன்னுதான் சொல்லல" என்றார்.

"இப்ப பயமா இருக்கு மாமா" என்றேன்.

அத்தை வண்டியின் அந்தப் பக்கத்துக்கு வந்தார். தட்டத் தெரியாமல் உள்ளங்கையால் டேங்கைத் தடவிப் பார்த்தார். பிறகு மகனின் வலது முழங்கையைப் பிடித்துத் திருப்பினார். நாலு வருஷமாக அங்கேயே இருந்த தழும்பை அப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்தார். அத்தையின் கண் கலங்கியது. ஆனால் பேச்சு கலங்கவில்லை.

"அவ ரெண்டு நாள்ல வந்து சொல்லிட்டா. நீ நாலு வருஷமா சொல்லல. சாவி அவகிட்டயே இருக்கட்டும். நீ பஸ்ஸுல போ."

எல்லாரும் சிரித்துவிட்டோம், அத்தையைத் தவிர. அவர் சொன்னால் சொன்னதுதான். நாற்பது நாள் விடுப்பிலும் என் கணவர் கடலூருக்கு பஸ்ஸில்தான் போய்வந்தார். சிதம்பரத்தில் ஏதாவது வேலை இருந்தால் விடியற்காலையில் என் பின்னால் உட்கார்ந்து வருவார். கறுப்புப் பெயின்ட் வாங்கட்டுமா என்று கொழுந்தன் ஒருநாள் கேட்டதற்கு, வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். வழியெல்லாம் ஊர்க்கதை பேசிக்கொண்டு வருகிறவர், ஆலப்பாக்கம் நெருங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டு என் தோளை இறுகப் பிடித்துக்கொள்வார். நானும் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்துவிடுவேன்.