ஒரு டின் தவிடு

போன திங்கட்கிழமை, என் அக்கா பிறக்கவே இல்லை என்று அரசாங்கம் சொன்னது.

அக்கா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். கையில் குடை, காலில் தோட்டத்துச் சேறு. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு அவளைத் தெரியும். பிரிஞ்சாங் சந்தையில் முட்டைக்கோசை அமுக்கிப் பார்த்தே கடைக்காரரை அழ வைப்பாள் என்று எழுதியிருந்தேனே... அவள்தான்.

எனக்கு நீல அடையாளக் கார்டு. அக்காவுக்கு இன்னும் சிவப்பு. அதாவது, குடியுரிமை இல்லை. அவளுடைய வேலை பெர்மிட் இந்த மாதத்தோடு முடிகிறது. இனிப் புதுப்பிக்க மாட்டார்களாம். பெர்மிட் இல்லாவிட்டால் தேயிலைத் தோட்டத்தில் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் லயத்து வீடும் இல்லை. அப்புறம்? இந்தியாவுக்குப் போகலாமாம். அக்கா கப்பலைப் பார்த்ததே இல்லை. அவளுக்கு ஈப்போவே தூர தேசம்.

இங்கேதான் பிறந்தாள் என்று ஒரு பிறப்புப் பத்திரம் காட்டினால் போதும். நான் வாத்தியாராச்சே! ஒரு காகிதத்தைத் தேடி எடுக்க முடியாதா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனேன்.

மலாய் அதிகாரி நல்ல மனிதர். பழைய பதிவேடுகளை வரவழைத்து, எங்கள் அப்பா முருகையாவின் பெயரைத் தேடினார். பெயர் கிடைத்தது. ஆனால் அதன் கீழே இருந்தவர்கள் வேறு. அக்காவுக்கு முன்னால் பிறந்து, ஒரு வயதுகூடத் தாண்டாமல் போன எங்கள் அண்ணன்மார் மூன்று பேர். பெயர், தேதி, தாய், தகப்பன் – ஒரு குறை இல்லை. அதில் ஒருவனுக்கு வைத்திருந்த பெயரைத்தான் எனக்கும் வைத்தார்கள் என்பதே அன்றுதான் தெரிந்தது. அவர்களுக்கு அப்புறம் நான் இருந்தேன். நடுவில் அக்கா இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா என் முகத்தையே பார்த்தாள்.

"செத்தவங்களுக்கெல்லாம் பேப்பர் இருக்கு. உசுரோட நிக்கிறேன், எனக்கு இல்லயா தம்பி?"

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அன்று எனக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். சோறு வடித்துக்கொண்டே சொன்னார். அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தால் நம் ஜனங்கள் செய்வதைத்தான் அவரும் செய்திருக்கிறார். நாலாவதாவது தங்கட்டும் என்று, பிறந்த பிள்ளையைப் பக்கத்து வீட்டுச் சின்னான் குடும்பத்துக்கு ஒரு பால் டின் தவிட்டுக்கு விற்றுவிட்டார். காய்கறித் தோட்டத்துச் சீனர் கோழிக்கு வைத்திருந்த தவிடு. பிள்ளைக்குத் தவுட்டம்மா என்றே பெயர். எமன் தேடி வந்தால், இது எங்கள் பிள்ளை இல்லை என்று சொல்லிவிடலாம் அல்லவா?

முப்பதாம் நாள் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். அதற்குள் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி பிறப்பு எழுத வந்துவிட்டார். சின்னான் தன் பெயரையும் மனைவி பெயரையும் சொல்லியிருக்கிறார். அம்மா அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"கிராணி எழுதுறதத்தானேய்யா எமனும் படிப்பான்? அதான் நான் மூச்சு விடல" என்றார்.

எமன் ஏமாந்தான், அக்கா பிழைத்தாள். கூடவே கவர்மெண்டும் ஏமாறும் என்று அன்றைக்கு யார் கண்டது?

மறுநாள் சின்னான் பெயரில் தேடச் சொன்னேன். இருந்தாள். தவுட்டம்மா, தகப்பன் பெயர் சின்னான். திருத்த முடியுமா? சின்னானோ அவர் மனைவியோ வந்து சொன்னால் முடியும். அவர்கள் ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே ஊருக்குக் கப்பலேறியவர்கள். எந்த ஊர்? அம்மாவுக்குத் தெரியாது. எழுதிய கிராணி செத்துப் பல வருஷம். கோர்ட்டுக்குப் போகலாம்... வருஷக்கணக்கில் இழுக்கும். எங்களுக்கு இருப்பதோ இந்த மாதம்.

அதிகாரி தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னார். பத்திரத்தில் இருக்கும் பெண் இவள்தான், சின்னானின் மகள், முருகையா குடும்பம் வளர்த்தது மட்டும்தான் என்று ஓர் உறுதிமொழி. அப்பா இல்லை, அம்மாதான் கைநாட்டு வைக்க வேண்டும். இவள் என் வயிற்றில் பிறந்தவள் இல்லை என்று.

உண்மைக்குச் சாட்சி கிடையாது. பொய்க்கோ முத்திரையே இருக்கிறது. என்ன செய்வீர்கள் நீங்கள்?

வியாழக்கிழமை அம்மாவைத் தோட்டத்து லேண்ட் ரோவரில் கூட்டிக்கொண்டு போனோம். மலாயில் டைப் அடித்திருந்ததை நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். வகுப்பில் தினமும் கத்துகிற நான், அந்த ஒரு வரியை மட்டும் முணுமுணுத்தேன்.

"வேணாம்மா. நான் இந்தியாவுக்கே போறேன்" என்றாள் அக்கா.

"அங்க யாரு இருக்கா ஒனக்கு?" என்றார் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்க வைக்கணும்னு காட்டுய்யா."

காட்டினேன். வைத்தார். காலமெல்லாம் கொழுந்து பறித்துத் தேய்ந்த விரல்; ரேகை விழவில்லை. இன்னொரு தடவை வைக்கச் சொன்னார்கள். என் வயிற்றில் பிறந்தவள் இல்லை என்று அம்மா இரண்டு தடவை அழுத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

நீல கார்டு வந்துவிடுமாம். வேலை தப்பியது, வீடு தப்பியது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? என்னால் முடியவில்லை. பதிவேட்டின்படி எனக்கு இனி அக்கா கிடையாது. செத்துப்போன அண்ணன்மார் மூன்று பேர்தான் உண்டு. பெயர்களையெல்லாம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். மீதியை உங்களை நம்பி எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அம்மாவின் விரலைச் சோப்பு போட்டுத் தேய்த்தாள். மை போகவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கு ஒரு டின் தவிட்டைத் திருப்பிக் கொடுத்ததும் பிள்ளை திரும்பி வந்துவிட்டது. இன்றைக்கு எதைக் கொடுப்பது... எந்தக் கவுண்டரில்?