மானுக்கு வைத்த பொட்டு

எழுபதுகளில், நாங்கள் புலம்பெயர்ந்து வாழ்ந்த வெக்ஸ்போர்டில் எங்கள் மேல்மாடியில் ஒரு கணக்காளர் இருந்தார். எந்தப் பனியிலும் கம்பளித் தொப்பிக்குக் கீழே திருநீறு தெரியத்தான் வெளிக்கிடுவார். மான் வேட்டைக்குத் துவக்கு வாங்கியவர், அதில் பூட்டுகிற ஸ்கோப் வாங்க என்னையும் கூட்டிப்போனார்.

கடைக்காரன் நீட்டியதைக் கண்ணில் வைத்ததும் முகம் சுளித்தார். குறிபார்ப்பதற்காக உள்ளே இரண்டு கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன.

"உது சிலுவையல்லோ. நான் சைவக்காரன், உதுக்குள்ளால பாக்கமாட்டன்."

"அண்ணை, சைவக்காரர் மான் சுடலாமோ?"

"அது வேற."

கோடுகள் இல்லாமல் நடுவில் கறுப்புப் புள்ளி மட்டும் உள்ள ஒன்றைத் தேடி எடுத்தார். "இது பொட்டு மாதிரி, லட்சணமா இருக்கு."

கார்த்திகையில் இறைச்சிப் பார்சலோடு வந்து கதவைத் தட்டினார். மானின் நெற்றியில் சரியாகப் பொட்டை வைத்துச் சுட்டாராம்.

புல்லைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காமல், பொட்டோடு போய்ச் சேர்ந்த அந்த மான்தான் எங்களுக்குள் உண்மையான சைவம்.