கஞ்சி ஊற்றிய ஒன்பதாவது பாட்டில்

புதுக் காலராக் கிருமியைக் கண்டுபிடித்ததே நான்தான். சந்தேகம் இருந்தால் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், நான் சொன்னதை அப்படியே சொல்வார்கள். ஆனால் அது பொய். நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவர்களைக் குழப்பியதில் மட்டும் எனக்குப் பெரிய பங்கு உண்டு. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். என் மானம் போகிற இடம் வந்தால் மட்டும் கொஞ்சம் வேகமாக எழுதுகிறாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஐப்பசி மழை விட்டு, பூந்தமல்லி வட்டாரமெல்லாம் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அங்கே ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் எனக்கு எடுபிடி வேலை. வாந்திபேதி வந்து வார்டு நிரம்பி, வராந்தாவிலும் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தோம். மூட்டை தூக்குகிற ஆம்பளைகள்கூடத் துணி மாதிரி துவண்டு கிடந்தார்கள்.

நோயாளிகளின் மலத்தைச் சின்னச் சின்ன பாட்டில்களில் எடுத்து நம்பர் சீட்டு ஒட்டித் தருவார்கள். மூடியை இறுக்கி, ஒயர் கூடையில் அடுக்கி, சிட்டியில் இருந்த லேபுக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. பஸ்ஸில் எனக்கு இடத்துக்குப் பஞ்சமே இல்லை. கூடையில் என்ன என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால் உள்ளதைச் சொல்வேன். அடுத்த ஸ்டாப்பில் சீட்டு முழுக்க என்னுடையது.

அன்றைக்குப் பன்னிரண்டு பாட்டில். பஸ் பிடிக்கக் கரையான்சாவடிக்கு சைக்கிளில் போனேன். டீக்கடையில் தெரிந்தவர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். சும்மா போகத் தெரியுமா எனக்கு? ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடு போட்டேன். எதிரே பள்ளம். சேற்றிலிருந்து எழுந்து பார்த்தால், பதினோரு பாட்டில் பத்திரம். ஒன்பதாம் நம்பருக்கு மட்டும் மூடி கழன்று, உள்ளே இருந்ததெல்லாம் ரோட்டில்.

திரும்பிப் போய் நர்ஸிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த சிஸ்டர் என்றால் எனக்குக் காலராவைவிட பயம். டீக்கடைக்கு அடுத்து ஒரு மெஸ். பின்பக்கம் சோறு வடித்த கஞ்சி ஒரு பானையில் இருந்தது. ‘கஞ்சித் தண்ணி மாதிரி போவுதா?’ என்றுதானே டாக்டர் எல்லோரையும் கேட்பார்? அந்த அறிவைப் பயன்படுத்தி ஒன்பதாவது பாட்டிலை நிரப்பினேன். நிறம் அச்சு அசல். லேபில் கொடுத்துவிட்டு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அது நூம்பலிலிருந்து வந்த ஒரு பெண்ணின் பாட்டில். பால் குடிக்கிற குழந்தைக்காரி. புருஷன் கொத்தனார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வார்டுக்கு வெளியே நடந்துகொண்டே இருப்பார்.

இரண்டு நாள் கழித்து ஒன்பதாம் நம்பருக்கு மட்டும் ரிசல்ட் வந்தது. காலராக் கிருமி இல்லை. மற்ற பதினொன்றையும் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இங்கே பாய் போடக்கூட இடம் இல்லை. ‘கிருமி இல்லாதவளை எதுக்கு வெச்சிக்கணும்?’ என்று சலைனைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கொத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணாத்தே, அவளுக்கு ஒண்ணுமே இல்லியாம்! நீ எட்த்துக்கினு போன கைராசி!”

அப்போதாவது வாயைத் திறந்தேனா? திறந்தேன், சிரிப்பதற்காக.

அன்று மத்தியானமே ஜீப் வந்தது. லேபிலிருந்து ஒரு டாக்டரம்மா இறங்கினார். “இங்கேருந்து பாட்டில் கொண்டு வந்தது யாரு?” என்றார். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தேன். சிஸ்டர் விரலை நீட்டினார்.

“பதினோரு பாட்டில்லயும் ஒரே கிருமி,” என்றார் டாக்டரம்மா. “பார்த்தா காலராதான். ஆனா காலரா டெஸ்ட்டுக்குப் பிடிகுடுக்க மாட்டேங்குது. நாங்க இதுவரைக்கும் பார்க்காத புது வகை. ஒன்பதாவதுல மட்டும் அது இல்ல. வழியில என்னப்பா நடந்தது?”

புதுக் கிருமி! கஞ்சியின் வாடை பட்டு மற்ற பாட்டில்களில் அது பிறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஊரே என்னால் சாகப் போகிறது. தடாலென்று காலில் விழுந்தேன்.

“கஞ்சிதான் மேடம்! ஒன்பதாவது கொட்டிட்ச்சி, அதுல மட்டும்தான் ஊத்துனேன். அது எப்டி பதினொண்ணுக்கும் பூந்துச்சின்னு சத்தியமா தெர்ல மேடம்!”

சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. “அந்த ஒன்பதாவது பேஷண்ட் எங்க?” என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஜீப்பில் நூம்பலுக்கு ஓடினோம். வழியில், கஞ்சிதான் காரணமா என்று மறுபடியும் கேட்டேன். “இல்லய்யா,” என்றார். “பழைய காலரா, மேல் சட்டைய மாத்திக்கிட்டு வந்திருக்கு. எங்க டெஸ்ட் சட்டையப் பார்த்துத்தான் ஆளைச் சொல்லும். அதான் ‘இவன் அவன் இல்ல’ங்குது. மரபணுவுல ஏதோ மாறியிருக்கணும். அது என்னன்னு இனிமேதான் தேடணும்.”

“மீசைய எட்துட்டு வந்த கேடி மாதிரியா மேடம்?” என்றேன். அந்த நேரத்திலும் என் வாய் அப்படி.

வீட்டில் அந்தப் பெண் வாசல்படியிலேயே கிடந்தாள். மறுபடியும் போக ஆரம்பித்திருந்தது. கண் குழிவிழுந்து, குரலே எழும்பவில்லை. பக்கத்தில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. கொத்தனாரிடம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“மொதல்ல அவ பொயைக்கட்டும். அப்பால கீது உனக்கு. இப்ப காலப் புடிச்சித் தூக்கு,” என்றார்.

தூக்கினேன். ஒரு ஆள் எடையே இல்லை. ஜீப் குலுங்கிய போதெல்லாம் மூச்சு வருகிறதா என்று அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் வாழ்க்கையில் நான் ஜோக் அடிக்காத நீளமான ரோடு அதுதான்.

மறுபடி சலைன் ஏற்றினார்கள். புதிதாக எடுத்த பாட்டிலை டாக்டரம்மாவே கையில் வைத்துக்கொண்டு போனார். அதிலும் அந்தச் சட்டை மாற்றிய கிருமிதான். ஒயர் கூடையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு துடைப்பத்தைக் கொடுத்தார்கள். வார்டைத் துடைக்கிற சாக்கில் அவள் பாயருகே எத்தனை தடவை போயிருப்பேன் என்று தெரியாது. நாலாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து, சோறு கேட்டாள்.

வீட்டுக்குப் போகிற அன்று கொத்தனார் நேராக என்னிடம் வந்தார். சொன்ன வாக்கைக் காப்பாற்றத்தான் வருகிறார் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவள் அவர் தோளைப் பிடித்து நின்றாள், கால் இன்னும் தள்ளாடியது. அவளைத் தாங்க அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. தோளில் இருந்த குழந்தையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“இத்தயாவது கீய போடாம எட்த்துக்கினு வா,” என்றார்.

சுற்றி எத்தனையோ பேர் இருந்தார்கள். சிஸ்டர்கூடப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். பஸ் ஸ்டாப் வரைக்கும் அந்தக் குழந்தை என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு வந்தது. பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட்டுக் குழந்தையை நீட்டும்போது கொத்தனார் என்னிடம்...

இதோ, வாசலிலிருந்து என் வீட்டுக்காரி கத்துகிறாள். “மாமே, தண்ணி லாரி வந்துட்ச்சி! கதெ வுட்டது போதும், கொடத்த எட்த்துக்கினு வா!”

போக வேண்டும். சட்டை மாற்றிய கிருமியை அந்த டாக்டரம்மா எனக்கே புரிகிற மாதிரி சொல்லிவிட்டார். அத்தனை பேர் இருந்தும் அந்த மனுஷன் குழந்தையை ஏன் என் கையில் கொடுத்தார் என்பதுதான், இத்தனை வருஷம் ஆகியும், எனக்குப் புரியவே இல்லை.