சுவரை இருட்டாக்கிய ஒற்றை முடி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரிக்கு அந்தத் தெருவில் ‘கேள்வி’ என்றே பெயர். லென்ஸ் மாற்ற வந்தவரைக்கூட ஒரு கேள்வியோடுதான் வெளியே அனுப்புவாள்.

நூலக மாடியில் சாயங்காலங்களில் ஒரே சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒளித்துகளைப் பற்றிச் சூத்திரம் சொல்லும் ‘குவாண்டம் நிலை’ உண்மையாகவே உலகில் இருக்கும் ஒன்றா, நம் தலைக்குள் இருக்கும் வெறும் கணிப்பா? உலகில் இருப்பதுதான் என்றார் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். கேள்வி விடவில்லை.

“கண்ணுக்கு எழுதித் தர்ற பவர் சீட்டு கண்ணாயிடுமா அண்ணே? அதுவும் நமக்குத் தெரிஞ்சதைக் குறிச்ச சீட்டுதான்!”

இன்று சாயங்காலம் கடைசி வாதம். தோற்றவர் எழுந்து நின்று “தோத்துட்டேன்” என்று சொல்ல வேண்டும். அவள் வாயில் ஒருநாளும் வராத வார்த்தை அது.

மத்தியானம் லென்ஸின் நடுவைக் குறிக்கச் சிவப்பு லேசரைப் போட்டாள். எதிர்ச் சுவரில் புள்ளிக்குப் பதிலாக வெளிச்சமும் இருட்டுமாக வரிசையாய்க் கோடுகள். கீறல்தான் என்று லென்ஸைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். கோடுகள் அசையவில்லை.

கடையில் கூட இருந்த அண்ணி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “லென்ஸ் என்னடி பாவம் பண்ணுச்சு? உன் தலைமுடி லேசர் வாய்ல ஒட்டிக்கிட்டிருக்கு!”

“எடுத்துடாதீங்க!”

முடியின் இரண்டு பக்கமும் ஒளி போய்க்கொண்டிருந்தது; ஒரு பக்கத்தை மட்டும் அட்டையால் மறைத்தாள். இருண்டிருந்த கோட்டில் வெளிச்சம் வந்துவிட்டது!

“அண்ணி, வழியை அடைச்சா வெளிச்சம் வருது!”

“அடைச்சா இருட்டத்தானே செய்யும்?”

“அதைத்தான் சொல்றேன்!”

துகள்களை ஒவ்வொன்றாக அனுப்பினாலும் இதே கோடுகள் சேரும் என்று அவள் படித்திருந்தாள். குவாண்டம் நிலை வெறும் சீட்டு என்றால், மறுபக்கமும் திறந்திருப்பது ஒற்றைத் துகளுக்கு எப்படித் தெரியும்? நம் தலைக்குள் இருக்கும் கணிப்பு சுவரில் போய் இருட்டைப் போடுமா? வாய்விட்டே கேட்டுக்கொண்டாள்.

“அப்போ தோத்துட்டியா?” என்றாள் அண்ணி.

“தோத்துட்டேன் அண்ணி!” பரிசு விழுந்தவள் போலக் கத்தினாள்.

சாயங்காலம் லேசரும் முடியும் அட்டையுமாக மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். “தோத்துட்டேன்ணே! விளக்கை அணைங்க, காட்டறேன்.”

ஓட்டுநர் அட்டையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அவர் முகத்தில் ஜெயித்த களையே இல்லை.

“ஏதோ ஒண்ணு இருக்கும்மா. ஆனா அது என்னன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலையே.”

“அப்போ நீங்களும் ஜெயிக்கலை!”

இருட்டில் சிரிப்பு வெடித்தது. “தள்ளுங்கண்ணே, அட்டையைக் கொடுங்க,” என்று அவள் முன்னால் பாய்ந்தாள்.