மதினி மூடி வைத்த மண்

முதுகில் மாட்டும் அந்த நீல மருந்துத் தொட்டியை எவ்வளவு பெருமையோடு கழுவிக் கவிழ்த்து வைப்பேன் என்று நினைத்தால், இன்று எனக்கே என்மேல் கோபம் வருகிறது. நோர்வூட்டுக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிப்பதுதான் இருபது வருஷம் என் வேலையாக இருந்தது. நான் அடித்துவிட்டு வந்த மலையில் தேயிலைச் செடியையும் வெறும் மண்ணையும் தவிர எதுவும் மிஞ்சாது. மேற்பார்வைக்கு வரும் கண்டாக்கு ஐயா, "இதுதாண்டா வேலை" என்பார். மண் பளிச்சென்று தெரிந்தால்தான் நல்ல மலை என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். புல் மண்டிக் கிடந்தால் சோம்பேறி என்று பேர் வந்துவிடும்.

அந்தப் பேருக்குக் கொஞ்சமும் கவலைப்படாத ஒரே ஆள் என் மதினி, இறந்துபோன அண்ணனின் மனைவி. கொழுந்தை நிறுத்துக் கொடுத்ததும் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் சரிவில் இருந்த துண்டு நிலத்துக்குத்தான் நேரே போவார். போஞ்சி, லீக்ஸ் என்று காய்கறிகள் ஒரே பாத்தியில் நிற்கும். நடுவே புல்லும் நிற்கும். அதைப் பிடுங்க மாட்டார். கத்தியால் அறுத்து அங்கேயே பரப்பி, காட்டுச் சூரியகாந்தித் தழையை வெட்டி வந்து மேலே போட்டு, சாணத்தைக் கரைத்து ஊற்றுவார். கடையில் வாங்கிய உரமோ மருந்தோ அந்த நிலத்துக்குள் போனதில்லை. "காடு வளக்கவா மதினி இவ்வளவு பாடு?" என்று கிண்டல் செய்வேன். "மழ நேரா மண்ணுல விழக்கூடாது தம்பி. இந்தச் சரிவுல மண்ணு தங்குறதே பெருசு" என்பார். பத்து வருஷத்தில் அந்த மண் கறுத்துப் பொலபொலவென்று ஆகியிருந்தது. ஒரு பிடி அள்ளினால் நாலு புழுவாவது நெளியும். பிள்ளையில்லாத அவருக்கு அந்த நிலம்தான் எல்லாம்.

வயிற்றில் கட்டி என்று அவரைக் கண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது போஞ்சி பறித்து முடிந்திருந்தது. யாரும் தொடாததில் புல் இடுப்புயரம் வளர்ந்துவிட்டது. திரும்பி வருகிறவரால் குனிந்து அறுக்க முடியுமா? எனக்குத் தெரிந்த உதவி ஒன்றே ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூலை முடுக்கு விடாமல் மருந்தடித்தேன். காய்ந்த புல்லை வாரிக் கூட்டி எரித்தும் விட்டேன். சம்பளத்துக்கு அடித்ததைவிடக் கவனமாக அடித்தேன் என்பதுதான் கொடுமை.

அவர் வீடு திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு மழை பிடித்தது. தண்ணீர் போக வெட்டியிருந்த கானில் வெள்ளம் கறுப்பாக ஓடியது. ஓடுவது எது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மழை விட்டபோது சரிவில் கல்லும் செம்மண்ணும்தான் கிடந்தன.

மதினி வந்து பார்த்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, கானில் தங்கியிருந்த சேற்றைக் கையால் அள்ளிக் கூடையில் போட ஆரம்பித்தார். தையல்கூடப் பிரிக்காத வயிறு. "நான் அள்ளுறேன் மதினி, நீங்க உள்ள போங்க" என்று அழுதேன். "ஒன்னையச் சொல்லிக் குத்தமில்ல தம்பி. நல்லதுன்னுதான் செஞ்ச" என்றார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன்பிறகு நான் மருந்துத் தொட்டியைத் தொடவில்லை. கான் வெட்டும் வேலைக்கு மாறிக்கொண்டேன். அவரோ கட்டி மறுபடி வந்து, படுத்த படுக்கையாகிவிட்டார். படுக்கையிலிருந்தே அவர் சொல்லச் சொல்ல நான் புல்லையும் தழையையும் போட்டு நிலத்தை மூடினேன். வேலை முடிந்து போகும்போதெல்லாம், "புழு வந்துச்சா தம்பி?" என்று கேட்பார். மாதக்கணக்கில் ஒன்றுகூட வரவில்லை.

ஒருநாள் அவர் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், "வந்திருச்சு மதினி" என்று பொய் சொன்னேன். "கொண்டாந்து காட்டு" என்றார். ஓடிப்போய்த் தோட்டத்து எல்லையில் உள்ள காட்டு ஓடைக்கரையில் ஒரு பிடி மண் அள்ளி வந்தேன். அதில் இரண்டு புழு நெளிந்தன. மதினி மண்ணை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது ஓடக்கர மண்ணுதானே தம்பி?"

எனக்குத் தலை நிமிரவில்லை.

"பரவாயில்ல. காயறதுக்குள்ள நம்ம நெலத்துல வச்சு, தழ போட்டு மூடிரு. அதுங்க பொழச்சுக்கும்."

மூடிவிட்டு வந்தேன். நாலாம் நாள் மதினி போய்விட்டார்.

இப்போது அந்த நிலத்தில் எங்கே கை வைத்தாலும் புழு இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் "வந்திருச்சு மதினி" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். இந்தத் தடவை அது பொய்யில்லை.